முகவரியற்றோரும் துப்பறிதலும்: கூட்டுப் பலகையாட்டம் ஒன்றை முன்வைத்து ஒரு நோக்கு

துப்பறியும் கதையை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவது தமிழ் விமர்சனத்தின் வழக்கம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருந்தொகையான வாசகரைப் பெற்றிருந்தன என்ற செய்தி, இலக்கிய வரலாறுகளில் பெரும்பாலும் ஒரு பந்தியோடு முடிந்துவிடும். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு அந்தப் பந்தியிலும் இடம் கிடைப்பது அரிது. (சங்கர்லால் ஓயாது தேநீர் அருந்துபவர் என்பதை அவரது வாசகர் அனைவரும் அறிவர். அத்தேயிலை எந்த மலையிலிருந்து வந்தது என்பது அவர் கைக்கொண்ட வழக்குகளுள் ஒன்றன்று.) நிலைமை இவ்வாறிருக்க, துப்பறியும் கதைகூட அல்லாத, துப்பறியும் விளையாட்டு ஒன்றைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதப் புகுவோன் முதலில் தன் நியாயத்தைக் கூறிக்கொள்ள வேண்டியவனாகிறான்.

நியாயம் இதுதான். விளையாட்டையும் ஒரு பனுவலாகக் கொண்டு வாசித்தல் கூடும். எவர் வினவலாம், எவரிடம் வினவலாம், எவர் வாக்கு நம்பத்தக்கது, எத்தனை முறை கேட்டால் மிகையாகும் என்பனவெல்லாம் அதன் விதிகளிலே எழுதப்பட்டுள்ளன. நாவலாசிரியன் தன் உலகநோக்கைப் பாத்திரங்களுக்குப் பின்னே மறைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை வகுப்பவனுக்கு அவ்வசதி இல்லை. அவன் அதனை விதியாகவே எழுதியாகவேண்டும். எனவே ஒரு சமூகம் உண்மையை எவ்வாறு தேடுகிறது, யாரை அத்தேடலுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு நல்ல நாவல் ஒன்றினைப் போலவே நல்ல ஆட்டம் ஒன்றும் உதவும்.

பலகையில் துப்பறிதல் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது 'குளூடோ'. பேர்மிங்ஹாம் நகரத்தவரான அன்ரனி பிரட் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வகுத்த இவ்வாட்டத்தை 1949இல் வோடிங்டன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. மாளிகை ஒன்று; அதில் ஒன்பது அறைகள்; ஆறு ஆயுதங்கள்; ஐயத்துக்குரியோர் அறுவர். ஆக 324 சேர்க்கைகளுள் ஒன்றே உண்மை. அந்த அறுவருள் இராணுவக் கேணல் உளர், பேராசிரியர் உளர், மதகுரு உளர். சீமாட்டியும் செல்வியும் உளர். உழைத்துப் பிழைப்பவர் என்று சொல்லத்தக்கவர் சமையற்காரியான திருமதி வைட் ஒருவரே. தோட்டத்தில் வளர்ந்தவன் இம்மாளிகையின் படத்தைப் பார்த்தால் உடனே 'துரை பங்களா' என்பான். திருமதி வைட்டை 'பங்களா அப்பு'வின் இடத்தில் வைப்பான். 2016இல் வந்த பதிப்பில் அவரும் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் விஞ்ஞானி ஒருவர் அமர்த்தப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் குளூடோவைப் பற்றி இங்குச் சொல்லவேண்டுவது வேறொன்று. அதில் ஒவ்வொருவரும் தாம் அறிந்ததை மற்றவரிடமிருந்து ஒளிக்கின்றனர். கையிலுள்ள சீட்டைப் போல உண்மையும் தனியுடைமையாகிறது. முதலில் அறிந்தவர் வெல்கிறார், ஏனையோர் தோற்கின்றனர்.

இதற்கு நேர்மாறான வடிவம் 1981இல் அமெரிக்காவில் தோன்றியது. ரேமண்ட் எட்வர்ட்ஸ், சூசன் கோல்ட்பேர்க், கரி கிரேடி ஆகிய மூவர் வகுத்து, ஸ்லூத் பப்ளிகேஷன்ஸ் வெளியிட்ட 'ஷேர்லொக் ஹோம்ஸ் கொன்சல்டிங் டிடெக்டிவ்' என்பதே அது. 1985இல் ஜேர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதினையும் இது பெற்றது. இதில் தாயக்கட்டை இல்லை, காய்கள் இல்லை, எதிரி இல்லை. இருப்பவை யாவும் தாள்களே: இலண்டன் நகரின் வரைபடம், அந்நகரத்தோரின் விலாசத் திரட்டு, வழக்கு நிகழும் நாளின் பத்திரிகை, வழக்கேடு. ஆடுவோர் அனைவரும் ஒரே பக்கத்தவர். ஒரு கொலை நிகழ்ந்துள்ளது. யாரைச் சென்று காண்பது என்று கலந்து பேசுகின்றனர். அவரது விலாசத்தைத் திரட்டிலே தேடுகின்றனர். அந்த இலக்கத்துக்குரிய பந்தியை வழக்கேட்டிலிருந்து ஒருவர் உரத்து வாசிக்கிறார். மீண்டும் கலந்து பேசுகின்றனர். போதும் என்று தோன்றியதும் இறுதியிலுள்ள வினாக்களுக்கு விடை எழுதி, ஹோம்ஸின் விடையோடு ஒப்புநோக்குகின்றனர். ஆட்டம் இவ்வளவே.

இவ்வடிவம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் ஒன்றுகூடியே புலியை மடக்குகின்றன. எனினும் ஆடுகள் யாவற்றையும் நகர்த்துவது ஒரு கைதான். விடுகதையே இதற்கு இன்னும் நெருங்கியது. விடுகதை போட்டவர் ஒருவர், அவிழ்ப்பவர் வீடு முழுவதும். பாட்டி ஒரு பாதியைக் கண்டுகொள்வார், பேரன் மறுபாதியைப் பிடித்துவிடுவான். விடை யாருடையது என்று அங்கு எவரும் கேட்பதில்லை.

இவ்வாட்டத்தை நான் முதன்முதல் ஆடியது பேராதனையில், விடுதி அறையில், நண்பர் மூவருடன். பெட்டி நண்பர் ஒருவரின் உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. முதல் வழக்கு ஆயுத உற்பத்தியாளர் ஒருவரின் கொலை பற்றியது. அதனை ஆடி முடிக்க இரண்டு இரவுகள் சென்றன. ஆடியது நால்வர் என்று சொன்னேன். உண்மையில் ஆடியது ஒருவரே. எம்முள் ஆங்கிலம் சரளமாக வாய்க்கப் பெற்றவர் வழக்கேட்டை வாசித்தார், வாசித்தவர் சுருக்கினார், சுருக்கியவர் முடிவு செய்தார். மற்ற மூவரும் தலையசைத்தோம். கூட்டாட்டங்களைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் இக்குறையைச் சுட்டுவர். மட் லீகொக்கின் 'பன்டெமிக்' 2008இல் வெளியாகிக் கூட்டாட்டம் உலகெங்கும் பரவிய காலந்தொட்டு, ஒருவரே எல்லார்க்குமாக ஆடிவிடும் இவ்வியல்பு பற்றிப் பேசாத விமர்சனம் குறைவு. அவர்கள் அதனை ஆளின் குணமாக விளக்குவர். எனக்கோ அது மொழியின் பிரச்சினையாகவே படுகிறது. துரையின் மொழி அறிந்த ஒருவன், அது அறியாத பலருக்கும் துரைக்கும் இடையே நின்றால் என்ன நிகழும் என்பதை மலையகத்தான் எவனுக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்குக் கங்காணி என்று பெயர்.

இதனை நான் எழுதுவது என் நண்பரைக் குறைகூறுவதற்காக அன்று. தீபாவளி விடுமுறைக்கு அதே பெட்டியை ஹற்றனுக்கு அப்பால் உள்ள எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுசென்றபோது, கங்காணி நானேயானேன்.

மழைக்காலம். மாலைக் கொழுந்து நிறுத்து அத்தை வீடு திரும்பி, விளக்கேற்றித் தேநீர் குடித்தபின், லயத்து இஸ்தோப்பிலே பாய் விரித்து வரைபடத்தைப் பரப்பினோம். அப்பாயி, அத்தை, தங்கை, பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மாமா, நான் என ஐவர். கரமும் தாயமும் அறிந்த வீட்டில் இத்தகைய ஆட்டம் அதுவே முதற்றடவை. நான் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழிலே சொன்னேன். முதல் அரைமணி நேரம் சொன்னதோடு நில்லாது, எது முக்கியம் எது முக்கியமன்று என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதைத் தங்கைதான் எனக்குச் சுட்டிக்காட்டினாள். "அண்ணே, நீங்க படிக்கிறத மட்டும் சொல்லுங்க. யோசிக்கிறத எல்லாரும் யோசிப்போம்" என்றாள். அவள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பவள். அதன்பின் வழக்கேட்டை அவள் வாங்கிக்கொண்டாள். அவளுடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. அத்தடுமாற்றமே ஆட்டத்துக்கு நன்மையாய் அமைந்தது. ஒரு சொல்லுக்கு அவள் நிற்கும்போதெல்லாம் நால்வரும் அச்சொல்லைப் பற்றிப் பேசினோம். அப்பாயிக்கு எழுத்து வாசனை இல்லை. ஆயினும் முதல்நாள் இரவு எவர் எந்நேரத்தில் எங்கே நின்றதாகச் சொன்னார் என்பதை மூன்றாம் நாள் அவர் பிசகின்றிச் சொன்னார். என் குறிப்பேட்டில் இரண்டிடம் பிழையாயிருந்தது.

இனி ஆட்டத்தின் நடுநாடியான விலாசத் திரட்டுக்கு வருவோம். பெயர் இருந்தால் விலாசம் உண்டு. விலாசம் இருந்தால் சென்று காணலாம். திரட்டில் இல்லாத ஒருவரைத் தேடிச் செல்ல வழியில்லை. பிறருடைய வீட்டிலோ கடையிலோ மதுச்சாலையிலோ அவர் தற்செயலாக எதிர்ப்பட்டால்தான் உண்டு. விக்டோரியா காலத்து இலண்டனை வகுத்தவர்கள் அந்நகரை இவ்வாறே கண்டனர் என்பதில் வியப்பில்லை. அது வீதிகளும் இலக்கங்களும் கொண்ட நகரம். ஆனால் அத்திரட்டைப் பாயில் விரித்து ஆடிக்கொண்டிருந்த எங்களுக்கு விலாசம் இல்லை. இன்றும் பல தோட்டங்களில் லயத்துக் குடும்பங்களுக்கெனத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்துதான் உரியவரைத் தேடிச் செல்கின்றன. ஒரு நேர்முகத் தேர்வுக்கான கடிதம் நாள் கடந்து கைக்கு வருவது அங்குப் புதுமையன்று. எங்களுக்குள் வழங்கும் முகவரிகள் வேறு: மேட்டு லயம், பணியக்கணக்கு, கோயிலடி, பத்துக் காம்பரா லயம். தபாற் கந்தோர் அறியாத, ஆனால் எவரும் வழிதவறாத முகவரிகள் அவை.

இந்த இடைவெளியை ஆட்டத்தில் முதலில் உணர்ந்தவர் அப்பாயி. இளமையில் சிலகாலம் பங்களாவில் ஆயாவாக இருந்தவர் அவர். செல்வந்தர் வீடொன்றைப் பற்றிய பந்தியைத் தங்கை வாசித்து முடித்ததும் கேட்டார்: "ஏப்பா, அந்த வீட்ல வேல செஞ்ச பொம்பளய யாரும் கேக்கலியா?"

"புத்தகத்துல அவுங்க பேரு இல்ல அப்பாயி" என்றேன்.

"பேரு இல்லன்னா ஆளு இல்லாமப் போயிருமா?"

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்ற சொல் ஆளின் பெயரை மட்டும் குறிப்பதில்லை. ஒருநாள் வேலைக்குரிய பதிவையும் குறிக்கும். குறித்த நிறை கொழுந்து சேராத நாளில் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். பெயரைப் பதிபவன் கையில் அன்றைய சோறு இருக்கிறது. அறுபது ஆண்டுகளாக இச்சொல்லைப் பயன்படுத்தி வந்தவர் கேட்ட வினா அது. ஆட்டத்தின் வழக்கேடு அதற்கு விடை தரவில்லை.

இவ்விடத்து மூலக்கதையாசிரியரான ஆதர் கொனன் டொயிலைச் சற்று நோக்குதல் பொருந்தும். ஹோம்ஸ் கதைகளில் இலங்கை அறவே இடம்பெறாததன்று; 1891இல் வெளியான 'பொஹீமியாவில் ஓர் அவதூறு' என்னும் கதையில், ஹோம்ஸ் தீர்த்துவைத்த வழக்குகளுள் ஒன்று திருகோணமலையில் நிகழ்ந்ததாக ஒரு வரிச் செய்தி வருகிறது. ஆனால் மலைநாட்டைப் பொறுத்தவரை முக்கியமானது அடுத்த ஆண்டில், 1892இல், அவர் எழுதிய 'டி புரொஃபுண்டிஸ்' என்ற ஹோம்ஸ் அல்லாத சிறுகதை. இலங்கைக் கோப்பித் துரை ஒருவரைப் பற்றியது அது. 1869இல் இங்கே கண்டறியப்பட்ட கோப்பி இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்ததும், அவ்விடத்தில் தேயிலை எழுந்ததும் வரலாறு. அவ்வீழ்ச்சியிலிருந்து மீண்ட தோட்டத்துரைமாரின் துணிவை டொயில் அக்கதையில் வியந்து போற்றுகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை வாட்டலூ போர்க்கள நினைவுச் சின்னத்தோடு ஒப்பிடும் அளவுக்கு அவ்வியப்பு செல்கிறது. கோப்பிச் செடியைப் பிடுங்கியவரும், தேயிலைக்குக் குழி வெட்டியவரும், கன்று நாட்டியவரும் அப்புகழுரைக்குள் வரவில்லை. சேற்றின் நிறத்தைக் கண்டு ஒருவன் எந்த வீதியால் வந்தான் என்று கூறும் துப்பறிவாளனைப் படைத்த கை, ஒரு மலைத்தொடரின் நிறம் மாறியதைக் கண்டும் அதனை மாற்றியவரின் கைகளைக் காணவில்லை. டொயில் தீயவர் என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய விலாசத் திரட்டிலும் அவர்கள் இல்லை, அவ்வளவே.

ஹோம்ஸ் கதைகளிலேயே எழுத்தில்லாத, விலாசமில்லாத துப்பறிவோர் சிலர் உண்டு. பேக்கர் வீதித் தெருச்சிறுவர்கள் அவர்கள். ஹோம்ஸ் நுழைய முடியாத இடங்களில் நுழைந்து, கேட்டதைக் கேட்டபடி வந்து சொல்வார்கள். 1890இல் வெளிவந்த 'நால்வர் சின்னம்' நாவலில் அவர்களுக்கு நாட்கூலி ஒரு ஷில்லிங். நாம் ஆராயும் ஆட்டத்தில் ஆடுவோர் ஏற்கும் வேடம் இச்சிறுவர்களுடையதே. ஆட்டத்தை வகுத்த மூவரின் மிகச்சிறந்த தெரிவு இதுவென்பேன். ஹோம்ஸாக நடிக்க எம்மை அவர்கள் அழைக்கவில்லை. நாட்கூலிக்குத் துப்புப் பொறுக்கும் பிள்ளைகளாக அழைத்தனர். தனியொரு மேதையின் மூளையிலிருந்து துப்பறிதலைப் பறித்து, பாயைச் சுற்றி அமர்ந்தோரின் பேச்சிலே வைத்தமை துப்பறியும் இலக்கியத்தின் வரலாற்றில் சிறிய மாற்றமன்று.

ஆயின் வடிவத்தில் வழங்கியதை அளவையில் அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றனர். இறுதியிலே புள்ளி கணக்கிடும் முறையைப் பாருங்கள். ஹோம்ஸின் புள்ளி 100. அவர் சென்ற இடங்களிலும் கூடுதலாக நாம் செல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து புள்ளி கழியும். அதாவது, அதிகம் பேரிடம் கேட்பது குற்றம். நாலைந்து கதவு தட்டியதும் ஹோம்ஸ் விடையைக் கண்டுவிடுகிறார். பதினைந்து கதவு தட்டிய நாம், விடை சரியாயினும், கூலி வெட்டப்பட்டவர்களாய் வீடு திரும்புகிறோம். கூட்டாக ஆடச்சொல்லும் ஆட்டம் தனியொருவனின் கோலால் அளக்கிறது. இம்முரண்பாடே இவ்வாட்டத்தின் அடிப்படைக் குறை என்பது என் துணிபு.

இதற்கு மறுப்பு உண்டு. பேராதனை நண்பர் அதனை வலுவாகவே வைத்தார். எல்லாக் கதவையும் தட்டலாம் என்றால் சிந்திப்பதற்கு என்ன தேவை? சில துப்புகளிலிருந்து பலவற்றை ஊகித்தறிதல் அல்லவா துப்பறிதல்? தண்டப் புள்ளி இல்லாவிடின் அது வெறும் வாசிப்பாகிவிடாதா? இவ்வாதத்தை நான் முற்றாக ஒதுக்கமாட்டேன். விடுதியில் ஆடியபோது அத்தண்டப் புள்ளியே எங்கள் பேச்சைக் கூர்மையாக்கியது. ஆனால் ஊகத்தில் வல்லவன் எவனும், தான் கேளாது விட்டவர் யாவர் என்ற கணக்கையும் காட்டவேண்டியவன். ஊகத்தை மட்டுமே நம்பி விசாரணையைச் சுருக்கியதன் விளைவைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டியுள்ளது. பொற்கொல்லனின் ஒரு வாக்கு பாண்டியனுக்குப் போதுமானதாயிற்று. மற்றக் கதவை அவன் தட்டவில்லை. மாணிக்கமும் முத்தும் பற்றிய சான்று இருந்தது. அது அவைக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது. அதைக் கொணர்ந்தவளோ அந்நகரில் விலாசமற்றவள்.

இவ்வாட்டத்தின் இன்னொரு பண்பு எம் வீட்டில் எதிர்பாராத இடத்துக்கு எம்மை இட்டுச்சென்றது. இதில் மனிதர் பொய் சொல்வர், தாள் பொய் சொல்லாது. பத்திரிகையில் இருப்பது நிகழ்ந்தது. திரட்டில் இருப்பது உள்ளது. ஆடுவோர் தாளை வைத்து ஆளைச் சோதிக்க வேண்டும். (இடைக்காலத்தில் வந்த ஓர் ஆங்கிலப் பதிப்பில் அச்சுப் பிழைகள் மலிந்திருந்தன என்று ஆட்டக்காரர் பலர் எழுதியுள்ளனர். பிழையா துப்பா என்று தெரியாமல் அவர்கள் பட்ட பாடு நகைப்புக்குரியதாயினும், தாள் பொய் சொல்லும் உலகில் வாழ்வோரின் நிலையை அவர்களுக்குச் சிறிது உணர்த்தியிருக்கும்.) மலையகத்தில் நிலைமை தலைகீழ். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எம் முன்னோர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் உரிமை கேட்போர், 1946 ஜனவரிக்கு முன்னர் இடையறாது இங்கே வதிந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது: மணமானோர் ஏழாண்டு, மணமாகாதோர் பத்தாண்டு. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஊருக்குப் போய்வந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். எஞ்சியோரின் கதி 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1974இன் உடன்படிக்கை என இழுபட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை நீண்டது. எழுதத் தெரியாதோரின் வாழ்வு, பிறர் எழுதிய தாளால் அளக்கப்பட்ட கதை அது.

இரண்டாம் நாள் இரவு, இலண்டன் சாட்சி ஒருவரின் நாட்கணக்கு பத்திரிகையோடு ஒவ்வாதிருப்பதை நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது அப்பாயி எழுந்து உள்ளே சென்று றங்குப்பெட்டியைத் திறந்தார். அவருடைய மாமனாரின் தாள்கள் அதில் இருந்தன. அவற்றை நான் முன்னரும் கண்டிருக்கிறேன், வாசித்ததில்லை. வரைபடத்தின் மீதே அவற்றைப் பரப்பினோம். ஒரு தாளில் அவர் பெயர் முழுமையாக இருந்தது. இன்னொன்றில் பாதிப் பெயர். மூன்றாவதில் தகப்பன் பெயரே அவர் பெயராகியிருந்தது. ஊருக்குப் போய்வந்தது எட்டு மாதம் என்று வீட்டிலே சொல்லிவந்தனர். ஒரு தாளின்படி பதினான்கு மாதம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்கு எது காரணம் என்பதை எவரும் அவருக்கு விளக்கவில்லை. மாமா வழக்கேட்டை மூடிவைத்துவிட்டு, "இது யாரு கையெழுத்து, அது யாரு கையெழுத்து" என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். எந்தத் தாள் முதலில் எழுதப்பட்டது, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று தங்கை வரிசைப்படுத்தினாள். பதினான்கு மாதம் என்ற தாள், பாதிப் பெயருள்ள தாளைப் பார்த்து எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும், அப்பாதிப் பெயர் அதே தோட்டத்தில் இருந்த இன்னொருவருக்கும் உரியது என்பதும் அவ்விரவு எங்களுக்குத் தெளிவாயின. அந்த இன்னொருவரை அப்பாயி அறிவார். அவர் ஊருக்குப் போய்த் தாமதித்துத் திரும்பியவர்.

இக்கண்டுபிடிப்பால் ஆவது ஒன்றுமில்லை. உரியவர் மறைந்து ஆண்டுகள் பல. ஆனால் பல தலைமுறையாகப் பெட்டியில் இருந்த தாள்களை ஒரு பாயைச் சுற்றி அமர்ந்து, ஒருவருக்கொருவர் மறுத்தும் இணைத்தும் வாசிக்கும் முறையை அப்பெட்டியின் அருகே கொண்டுவந்தது ஓர் அந்நிய விளையாட்டு என்பதை விமர்சகன் பதிவு செய்யத்தான் வேண்டும். நாங்கள் தாளை வைத்து ஆளைச் சோதிக்கவில்லை. அப்பாயியின் நினைவை வைத்துத் தாளைச் சோதித்தோம். ஆட்டத்தை வகுத்தோர் இதனை எண்ணியிருக்கமாட்டார்கள்.

பின்வந்த ஆட்டங்கள் சிலவற்றையும் படித்தறிந்தேன். 2018இல் போலந்து நாட்டிலிருந்து வந்த 'டிடெக்டிவ்' என்னும் ஆட்டம் இணையத் தரவுத்தளம் ஒன்றினைத் துணைக்கொள்கிறது. அதே ஆண்டின் 'குரோனிக்கிள்ஸ் ஒவ் கிரைம்' கைத்தொலைபேசியால் சீட்டுகளை நுகர்ந்து செல்வது. அங்கே புள்ளிக்குப் பதில் நேரம் கழிகிறது. ஒரு சாட்சியைக் கேட்டால் மணித்தியாலம் ஓடுகிறது. கேட்பதற்கு விலை வைக்கும் பழக்கம் அங்கும் மாறவில்லை. மழை பிடித்தால் சமிக்ஞை அற்றுப்போகும் எங்கள் லயத்துக்கு அவை ஏற்றவையுமல்ல.

மூன்றாம் நாள் விடை எழுதினோம். கொலையாளி யார் என்பதில் பிழையில்லை. காரணத்தில் ஒரு பகுதி தவறியது. ஹோம்ஸின் விளக்கத்தைத் தங்கை வாசித்தாள். நாங்கள் அவரைவிடப் பல இடங்கள் அதிகமாகச் சென்றிருந்ததால் தண்டம் போக எஞ்சியது சொற்பம். மாமாவுக்குச் சிரிப்பு. "கொழுந்து கூடப் பறிச்சதுக்கு அரைப்பேரா?" என்றார். வரைபடத்தை நான் மடிக்கத் தொடங்கியபோது அப்பாயி தடுத்தார். முதல்நாள் போகவேண்டும் என்று அவர் சொல்லி, புள்ளி போய்விடும் என்று நாங்கள் மறுத்த வீடு ஒன்று இருந்தது. அங்கே போகவேண்டும் என்றார். ஆட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லிப்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. தங்கை வழக்கேட்டைத் திரும்பத் திறந்து அந்த இலக்கத்துக்குரிய பந்தியை வாசித்தாள். வழக்குக்கு வேண்டிய செய்தி எதுவும் அதில் இருக்கவில்லை.

"பரவால்ல. கேட்டாச்சு" என்றார்.